பூமியின் சுழற்சியிலிருந்து மின்சாரம் எடுக்க இயலுமா?

(ஜமாஅத் ஆண்டு விழாவையொட்டி நடைபெற்ற கல்வி அரங்கில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

பூமி ஓயாமல் தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்தச் சுழற்சியிலிருந்து நமக்குப் பயன்படும் ஆற்றலை எடுக்க இயலுமா என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். இது பள்ளிப் பாடத்தோடு முடிந்துவிடும் கேள்வி அன்று. எரிபொருள் வேண்டாம், மின் கட்டணம் வேண்டாம், பூமியின் சுழற்சியே இதை இயக்குகிறது என்று சொல்லி, ஒரு கனத்த சக்கரம் பூட்டிய ஜெனரேட்டரைப் பள்ளிவாசலுக்கு வாங்கும்படி நம்மிடம் ஒரு யோசனை வந்தது. பாதித் தொகையை முன்பணமாகக் கேட்டார்கள். இளைஞர்களில் சிலர் ஆர்வம் காட்டினார்கள். பெரியவர்களில் சிலர் இது ஏமாற்று என்றார்கள். இரு தரப்பாருக்கும் நாம் சொல்லக்கூடியது ஒன்றே: ஆர்வமோ ஐயமோ மட்டும் போதாது, காரணம் தெரிந்திருக்க வேண்டும். பொதுப்பணம் அமானிதம். அதைச் செலவிடுவதற்கும் செலவிட மறுப்பதற்கும் தக்க விளக்கம் நம் கையில் இருக்க வேண்டும்.

சுழற்சியில் ஆற்றல் உண்டா?

முதலில் இளைஞர்களின் பக்கம் உள்ள நியாயத்தைப் பார்ப்போம். விழுப்புரமும் திண்டிவனமும் ஏறத்தாழ 12 பாகை வடக்கு அகலக்கோட்டில் உள்ளன. பூமியின் சுழற்சியால் இந்த ஊர்கள், இவற்றில் உள்ள நம் வீடுகள், அமர்ந்திருக்கும் நாம் எல்லோரும் மணிக்குச் சுமார் 1,630 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கு நோக்கிச் சென்றுகொண்டிருக்கிறோம். இத்தனை பெரிய உருண்டை இத்தனை வேகத்தில் சுழலும்போது அதில் அடங்கியுள்ள ஆற்றல் மிகப் பெரியது. இன்று உலக மக்கள் அனைவரும் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, நீர், காற்று, சூரிய ஒளி, அணு என்று எல்லா வழிகளிலும் ஓராண்டில் செலவிடும் ஆற்றலைப்போல் சுமார் 35 கோடி மடங்கு அந்தச் சுழற்சியில் இருக்கிறது. ஆகவே ஆற்றல் உண்டா என்று கேட்டால், உண்டு. மனிதனுக்குத் தேவையானதைவிடப் பல கோடி மடங்கு உண்டு.

அதை எடுத்தால் பூமி நின்றுவிடாதா என்று ஒரு மாணவர் கேட்டார். உலகின் இன்றைய ஆற்றல் தேவை முழுவதையும் சுழற்சியிலிருந்தே எடுப்பதாகக் கொண்டாலும், நூறாண்டுகளில் ஒரு நாளின் நீளம் ஏறத்தாழ 12 மில்லி செகண்டுதான் கூடும். ஒரு செகண்டை ஆயிரமாகப் பிரித்து அதில் பன்னிரண்டு பங்கு. எனவே கையிருப்புத் தீர்ந்துவிடும் என்ற அச்சம் தேவையில்லை. அந்தக் கையிருப்பை எந்த வழியாக எடுப்பது என்பதுதான் சிக்கல்.

செக்கு சொல்லும் பாடம்

நம் ஊர்களில் எண்ணெய் ஆட்டும் செக்கைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். உரல் தரையில் ஊன்றி அசையாமல் நிற்கும். மாடு சுற்றிவர, உலக்கை உரலுக்குள் சுழன்று எள்ளை நசுக்கும். அந்த உரலையும் உலக்கையோடு சேர்த்து அதே வேகத்தில் சுழலவிட்டால் என்ன ஆகும்? மாடு நாள் முழுதும் நடந்தாலும் ஒரு துளி எண்ணெய் வராது. ஒன்று சுழல வேண்டும், மற்றொன்று நிற்க வேண்டும். இரண்டுக்கும் இடையே உராய்வு இருக்க வேண்டும். அப்போதுதான் சுழற்சியிலிருந்து வேலை கிடைக்கும்.

மின்சாரம் எடுக்கும் இயந்திரத்துக்கும் இதே விதிதான். சைக்கிள் டைனமோவின் உடல் சைக்கிளின் கவையில் பூட்டப்பட்டிருப்பதால்தான், சக்கரம் அதன் தலையை உரசிச் சுழற்றும்போது விளக்கு எரிகிறது. டைனமோவை முழுதாகச் சக்கரத்தின் ஆரக்கால்களிலேயே கட்டிவிட்டால், சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் விளக்கு எரியாது. பூமியின் மேல் நாம் வைக்கும் எந்த இயந்திரமும் ஆரக்காலில் கட்டிய டைனமோவைப் போன்றதே. அதன் அச்சு, அதன் அடித்தளம், அது நிற்கும் கட்டடம் எல்லாம் பூமியோடு சேர்ந்தே சுழல்கின்றன. பூமியின் சுழற்சியிலிருந்து ஆற்றல் எடுக்க வேண்டுமானால், பூமியோடு சேர்ந்து சுழலாத ஒரு பிடிமானம் வெளியே வேண்டும்.

இங்கே அறிவியல் படித்த ஓர் இளைஞர் நல்ல மறுப்பு ஒன்றை எழுப்பக்கூடும். 1851-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் ஃபூக்கோ என்னும் அறிஞர் நீண்ட கம்பியில் ஒரு குண்டைத் தொங்கவிட்டு ஆட்டிக் காட்டினார். குண்டு ஆடும் திசை மெல்ல மெல்லத் திரும்புவதாகத் தோன்றியது. உண்மையில் திரும்பியது அடியில் இருந்த தரை. அத்தகைய ஊசல் ஒன்று, 2023-இல் திறக்கப்பட்ட புதிய நாடாளுமன்றக் கட்டடத்திலும் தொங்குகிறது. சுழலும் கனத்த சக்கரமும் இவ்வாறே தன் அச்சின் திசையை விடாமல் காக்க முயல்கிறது. இவை பிடிமானம் ஆகாவா?

பிடிமானம்தான், ஆனால் வலுவற்ற பிடிமானம். ஊசலின் திசை தானாகத் திரும்பும்வரைதான் அது சாட்சி சொல்லும். அதில் ஒரு ஜெனரேட்டரைப் பூட்டி அழுத்தினால், அது உடனே தரையின் போக்குக்கு இணங்கிவிடும். சுழலும் சக்கரமும் அச்சு சாய்ந்து, விரைவிலேயே பூமியின் அச்சோடு ஒத்துப்போய்விடும். அதன்பின் அதனிடம் எடுக்க ஒன்றும் இராது. இவற்றால் பூமி சுழல்வதைக் கண்டறியலாம். ஒரு மின்விசிறியைக்கூட ஓட்ட இயலாது.

நம்மிடம் காட்டப்பட்ட இயந்திரம் இதைக்கூடச் செய்யவில்லை. ஒரு மோட்டார் கனத்த பிளைவீலைச் சுற்றுகிறது; பிளைவீல் ஓர் ஆல்டர்னேட்டரைச் சுற்றுகிறது; அதில் வரும் மின்சாரத்தில் ஒரு பகுதி மீண்டும் மோட்டாருக்கு வருகிறது; மீதி நமக்கு என்கிறார்கள். நல்ல மோட்டார் 100 பங்கு மின்சாரத்தை வாங்கி 85 பங்கு சுழற்சியாகத் தருவதாக வைத்துக்கொள்வோம். ஆல்டர்னேட்டர் அந்தச் சுழற்சியில் நூற்றுக்கு 80 பங்கை மின்சாரமாக்குகிறது என்போம். இறுதியில் திரும்பி வருவது 68 பங்குதான். மோட்டாருக்குத் தேவை 100. மீதி எங்கிருந்து வரும்? ஆயில் என்ஜினை நிறுத்திய பிறகும் அதன் பிளைவீல் சற்று நேரம் சுற்றுவதை விவசாயிகள் எல்லோரும் அறிவார்கள். அது முன்னே கொடுத்ததைத்தான் பின்னே தருகிறது. பிளைவீல் ஒரு உண்டியல். உண்டியல் தானாகப் பணம் ஈட்டாது.

நிலவு தரும் பிடிமானம்

அப்படியானால் பூமிக்கு வெளியே உறுதியான பிடிமானம் எதுவுமே இல்லையா? இருக்கிறது. திண்டிவனத்திலிருந்து கிழக்கே முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல் சென்றால் மரக்காணம். அங்கே கடலின் ஏற்றவற்றத்தில் அந்தப் பிடிமானத்தின் வேலையை நாம் நேரில் காணலாம்.

நிலவு தன் ஈர்ப்பால் கடல்நீரை இழுத்து மேடாக்குகிறது. அதற்கு நேர் எதிர்ப்பக்கத்திலும் அவ்வாறே ஒரு மேடு உண்டாகிறது. நிலவு பூமியோடு சேர்ந்து ஒரே நாளில் சுற்றுவதில்லை. அது பூமியை ஒரு முறை சுற்றிவர 27 நாட்களுக்கு மேல் ஆகிறது. எனவே நிலவு பிடித்து வைத்திருக்கும் நீர் மேடுகளுக்கு அடியில் பூமி சுழன்று செல்கிறது. கரையில் நிற்கும் நமக்குக் கடல் ஒரு நாளில் இரு முறை ஏறி இறங்குவதாகத் தெரிகிறது. நிலவும் இதற்கிடையே சிறிது நகர்ந்துவிடுவதால்தான் ஏற்றம் நாள்தோறும் சுமார் 50 நிமிடம் பிந்துகிறது. சூரியனும் இதில் ஓரளவு பங்கு கொள்கிறது. அமாவாசை, பௌர்ணமி நாட்களில் ஏற்றம் மிகுவது அதனால்தான்.

செக்கின் உவமையில் சொன்னால், சுழல்வது பூமி. நிற்பது நிலவு பிடித்திருக்கும் நீர். இரண்டுக்கும் இடையே உராய்வு ஆழமற்ற கடல்களின் தரையில் நிகழ்கிறது. இந்த உராய்வில் இடைவிடாமல் கழியும் ஆற்றல் சுமார் 37 லட்சம் மெகாவாட் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நம் நாட்டின் மின்நிலையங்கள் அனைத்தின் மொத்த நிறுவுதிறன் 2025-இல்தான் 5 லட்சம் மெகாவாட்டைக் கடந்தது என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்த ஆற்றல் பூமியின் சுழற்சியிலிருந்தே வருகிறது என்பதற்குச் சான்றுகள் உண்டு. பழங்கால கிரகணக் குறிப்புகளைக் கொண்டு கணக்கிட்டதில், நூறாண்டுக்கு ஒரு முறை நாளின் நீளம் இரண்டு மில்லி செகண்டுக்குச் சற்றுக் குறைவாகக் கூடிவருவது தெரிகிறது. சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பவளப் புதைபடிவங்களில் உள்ள நுண்ணிய வளர்ச்சிக் கோடுகளை எண்ணியபோது, அக்காலத்தில் ஓராண்டுக்கு ஏறத்தாழ 400 நாட்கள் இருந்தது புலப்பட்டது. அன்று பூமி இன்றைவிட வேகமாகச் சுழன்றது. பூமி இழக்கும் சுழல் உந்தம் நிலவைச் சேர்கிறது. அதனால் நிலவு ஆண்டுக்குச் சுமார் 3.8 சென்டிமீட்டர் நம்மைவிட்டு விலகிச் செல்கிறது. 1969 முதல் நிலவில் வைக்கப்பட்ட கண்ணாடிகளின் மீது லேசர் ஒளியைச் செலுத்தி இதை அளந்திருக்கிறார்கள்.

ஒன்றை இங்கே பிரித்தறிய வேண்டும். கடல் அலை வேறு, ஏற்றவற்றம் வேறு. அலை காற்றால் எழுவது. காற்று சூரிய வெப்பத்தால் வீசுவது. கேரளத்தின் விழிஞ்ஞத்தில் 1991-இல் சென்னை ஐ.ஐ.டி. அறிஞர்களின் முயற்சியால் இயங்கத் தொடங்கிய 150 கிலோவாட் நிலையம் அலையிலிருந்து மின்சாரம் எடுத்தது. அதன் மூலம் சூரியனே. பூமியின் சுழற்சியிலிருந்து வருவது ஏற்றவற்றத்தின் ஆற்றல்.

உலகம் கண்ட பயன்

இந்த ஆற்றலை மனிதன் பழங்காலம் முதலே பயன்படுத்தியிருக்கிறான். பத்தாம் நூற்றாண்டின் புவியியல் அறிஞர் அல்-முகத்தஸி, பஸரா நகரில் ஏற்ற நீர் நாள்தோறும் இரு முறை வந்து தோட்டங்களுக்குப் பாய்வதையும், வற்றும்போது அது மாவு ஆலைகளை ஓட்டுவதையும் குறித்திருக்கிறார். நம் பகுதியிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஆந்திரக் கடலோரத்திலிருந்து சென்னை வழியாக வந்து மரக்காணம் அருகே முடியும் பக்கிங்ஹாம் கால்வாய் உப்புநீர்க் கால்வாய். கழிமுகங்கள் வழியே புகும் ஏற்ற நீர் அதில் படகு ஓடத் துணை செய்தது. உப்பும் விறகும் தானியமும் அவ்வழியே சென்னைக்குச் சென்றன.

மின்சாரம் என்று வரும்போது, பிரான்சு நாட்டின் ரான்ஸ் ஆற்று முகத்தில் 1966-இல் திறக்கப்பட்ட 240 மெகாவாட் நிலையம் முன்னோடி. ஏற்றத்தின்போது அணைக்குள் நீர் புகும். வற்றத்தின்போது அதைத் திறந்துவிட்டு டர்பைன்களைச் சுழற்றுவார்கள். 2011-இல் தென்கொரியாவின் சிஹ்வாவில் 254 மெகாவாட் நிலையம் இயங்கத் தொடங்கியது. எனவே, கோளின் சுழற்சியிலிருந்து பயனுள்ள மின்சாரம் எடுக்க இயலுமா என்ற கேள்விக்கு, இயலும், எடுத்தும் வருகிறார்கள் என்பதே விடை.

நம் நாட்டில் இதற்கு ஏற்ற இடம் குஜராத். காம்பே வளைகுடாவில் நீர்மட்ட வேறுபாடு 11 மீட்டர் வரையிலும், கட்ச் வளைகுடாவில் 8 மீட்டர் வரையிலும் உயர்கிறது. ஆயினும் செலவு பெருந்தடையாக நின்றது. கட்ச் வளைகுடாவில் 50 மெகாவாட் நிலையம் அமைக்க 2011-இல் அறிவிக்கப்பட்ட திட்டத்துக்கு 750 கோடி ரூபாய் மதிப்பிடப்பட்டது. மேற்கு வங்கத்தின் சுந்தரவனத்தில் துர்காதுவானி கழியில் 3.75 மெகாவாட்டுக்கு 238 கோடி ரூபாய் வரை மதிப்பீடு ஏறியது. அதாவது மெகாவாட்டுக்கு முறையே 15 கோடியும் 63 கோடிக்கு மேலும். இரண்டும் கைவிடப்பட்டன. ஏற்றம் மிகுந்த கடலிலேயே இந்த நிலை.

நம் கடற்கரையின் கணக்கு

இப்போது மரக்காணத்துக்கு வருவோம். நம் கடற்கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், உயரம் பாதியானால் ஆற்றல் கால் பங்காகிவிடும். நீரின் அளவும் குறைகிறது, அது விழும் உயரமும் குறைகிறது அல்லவா? கழுவெளிக் கழியோரம் ஒரு சதுர கிலோமீட்டர், அதாவது சுமார் 247 ஏக்கர் பரப்பில் அணை கட்டி ஏற்ற நீரைத் தேக்குவதாகக் கற்பனை செய்வோம். ஒரு துளி ஆற்றலும் வீணாகாமல் எடுத்தால்கூட, இரு வற்றங்களிலும் சேர்த்து நாளொன்றுக்குக் கிடைப்பது சுமார் 2,700 யூனிட். நடைமுறையில் அதில் பாதி கிடைப்பதே அரிது.

அதே 2,700 யூனிட்டைச் சூரிய ஒளித் தகடுகள் மூலம் எடுக்க எவ்வளவு இடம் வேண்டும்? தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தருகிறது. 675 கிலோவாட் போதும். மூன்று அல்லது நான்கு ஏக்கரில் அது அடங்கிவிடும். 247 ஏக்கர் கழியை அடைத்து, மீன்வளத்தைக் கெடுத்து, பறவைகளை விரட்டி எடுப்பதைவிட அதிகமாக நான்கு ஏக்கர் தரிசு நிலம் தந்துவிடுகிறது. கழுவெளி 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம் என்பதையும் நினைவில் கொள்வோம்.

எஞ்சிய இரு வழிகள்

ஏற்றவற்றத்தைத் தவிர வேறு வழிகளும் உண்டா? ஒன்று நமக்குப் பெருமை தருவது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிழக்கு நோக்கி ஏவப்படும் ராக்கெட் தரையில் நிற்கும்போதே செகண்டுக்குச் சுமார் 450 மீட்டர் வேகத்தைப் பூமியின் சுழற்சியிலிருந்து பெற்றிருக்கிறது. அது பூமியைவிட்டு வெளியே செல்வதால் அந்த வேகம் அதற்குச் செலவில்லாத முதலாகிறது. அந்த அளவுக்கு எரிபொருள் மிச்சமாகிறது.

மற்றொன்று பூமியின் காந்தப்புலம். மைக்கேல் ஃபாரடே 1832-இலேயே லண்டனில் ஒரு குளத்திலும் தேம்ஸ் ஆற்றுப் பாலத்திலும் கம்பிகளை அமைத்து, பூமியின் காந்தத்தால் மின்னோட்டம் கிடைக்கிறதா என்று தேடினார். தெளிவான முடிவு கிட்டவில்லை. 2025-இல் அமெரிக்க அறிஞர்கள் மூவர், தனிவகைக் காந்தப்பொருளால் செய்த உட்கூடான உருளை ஒன்றைக்கொண்டு சுழற்சியிலிருந்து மின்னழுத்தம் பெற்றதாக வெளியிட்டார்கள். அதன் அளவு 20 மைக்ரோவோல்ட்டுக்கும் குறைவு. டார்ச் விளக்குக்கு இடும் ஒரு பேட்டரியின் அழுத்தத்தில் அது எழுபத்தையாயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. அதையும் பிற அறிஞர்கள் ஐயத்துடனேயே நோக்குகிறார்கள்; வேறு ஆய்வுக்கூடங்கள் செய்து பார்த்து உறுதிசெய்த பின்னரே ஏற்பார்கள். ஆய்வு உலகில் ஒரு மைக்ரோவோல்ட்டுக்கே இத்தனை விசாரணை நடக்கும்போது, கடைத்தெருவில் 10 கிலோவாட் தருகிறேன் என்பவரிடம் நாம் ஒன்றும் கேட்காமல் இருக்கலாமா?

நாம் கேட்க வேண்டிய மூன்று

எனவே இனி இத்தகைய இயந்திரத்தை யார் கொண்டுவந்தாலும், சண்டையிடாமல் மூன்று கேள்விகளைக் கேட்போம்.

முதலாவது, இந்த இயந்திரத்தின் பிடிமானம் எது? பூமியின் சுழற்சி ஓட்டுகிறது என்றால், பூமியோடு சேர்ந்து சுழலாத எதை இது பற்றியிருக்கிறது? கடலையோ நிலவையோ காட்ட முடியாதவர் இக்கேள்விக்கு விடை சொல்ல முடியாது.

இரண்டாவது, மூன்று நாள் இரவும் பகலும் நம் கண் முன்னே ஓடுமா? 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி இன்வெர்ட்டர் பேட்டரி ஒன்றில் முழுதாக நிரம்பியிருப்பது 1.8 யூனிட் மட்டுமே. ஒரு கிலோவாட் சுமையைக் கொடுத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் அது தீர்ந்துவிடும். அரை மணி நேர விளக்கக் காட்சியில் எந்தப் பேட்டரியும் ஜெனரேட்டராக நடிக்கலாம்; மூன்று நாள் நடிக்க இயலாது.

மூன்றாவது, தகுதியுள்ளவர்கள் சோதித்த எழுத்துச் சான்று உண்டா? அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரிகள் விழுப்புரத்திலும் இருக்கின்றன, திண்டிவனத்திலும் இருக்கின்றன. அங்கே உள்ள மின்னியல் ஆசிரியர் ஒருவரை அழைத்து வந்து மீட்டர் வைத்துப் பார்க்கச் சம்மதிக்காதவரிடம் முன்பணம் கொடுக்க வேண்டிய தேவை நமக்கு இல்லை.

1996-இல் மூலிகைப் பெட்ரோல் என்ற பேச்சு தமிழகம் முழுவதையும் ஆட்டிப்படைத்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அன்று நம்பியவர்கள் எல்லோரும் அறிவற்றவர்கள் அல்லர். எரிபொருள் விலையால் நொந்திருந்த மக்களின் ஆசை அவர்களை நம்பவைத்தது. மின் கட்டணம் ஏறும் இக்காலத்திலும் அதே ஆசை நம்மிடம் இருக்கிறது. அந்த ஆசை தவறன்று; ஆனால் அதைப் பிறர் விலைபேச விட்டுவிடக் கூடாது.

நம் பள்ளிவாசலின் மொட்டை மாடியில் சுமார் 500 சதுர அடியில் 5 கிலோவாட் சூரியத் தகடுகள் அமையும். அவை நாளொன்றுக்குச் சராசரியாக 20 யூனிட் தரும். இதில் மாயம் ஒன்றும் இல்லை. மழைக்காலத்தில் குறையும், கோடையில் கூடும், அவ்வப்போது தூசி துடைக்க வேண்டும். ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று கேட்கும் சிறுவனுக்கு நாம் விரலால் மேலே சுட்டிக் காட்டிவிடலாம். நிர்வாகக் குழு இதற்கான விலைப்பட்டியல்களைப் பெற்று, அடுத்த பொதுக்குழுவில் ஜமாஅத்தார்கள் முன் வைக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறோம்.

கேள்வி எழுப்பிய இளைஞர்களுக்கு நம் நன்றி. அவர்கள் கேட்டிராவிட்டால் இந்தக் கணக்குகளை நாம் யாரும் போட்டுப் பார்த்திருக்க மாட்டோம்.